தாத்தா செல்லப்பன் முறுக்கு

என் மாமனார் செல்லப்பன் போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகப் போகிறது. உயிரோடு இருந்த காலத்தில் அந்த மனுஷன் ஒரு முறுக்குப் பிழிந்தவரில்லை. அரிசி மாவுக்கும் கடலை மாவுக்கும் வித்தியாசம் தெரியாது. அடுப்படிப் பக்கம் தலைகாட்டினால், குழம்பில் உப்பு இல்லை என்று தட்டை விட்டெறிவதற்காகத்தான் இருக்கும். அப்பேர்ப்பட்ட மகானின் முகத்தை ஒரு தங்கச் சட்டத்துக்குள் உட்கார வைத்து, கீழே ‘தாத்தா செல்லப்பன் முறுக்கு, 1961 முதல்’ என்று எழுதி, இதுதான் நம்முடைய லோகோ என்று என் மகன் கொண்டுவந்து நீட்டினான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

முறுக்குச் சுடுகிறவள் நான். செல்வராணி. ஜொகூரில் பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தபோது ஆரம்பித்த தொழில். இப்போது சாஆ ஊருக்குள் சொந்த வீட்டுக்கு வந்து, பின்பக்கம் கூரை இறக்கி, பெரிய அடுப்புகள் போட்டுச் செய்கிற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. சிகாமட், லாபிஸ், யோங் பெங், பொந்தியான் என்று தீபாவளிக்கு என் முறுக்குப் போகாத ஊர் கிடையாது. சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தலில் ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டியிருக்கும். அதில் ‘முறுக்கு’ என்ற வார்த்தையும் என் கைப்பேசி எண்ணும் மட்டும்தான். அதை வைத்தே இத்தனை வருஷம் ஓட்டினேன்.

மகன் ரூபேந்திரன் ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறான். இந்த வருஷம் இணையத்தில் பிராண்டிங் வகுப்பு ஒன்றில் சேர்ந்தான். அம்மாவின் தொழிலைப் பெரிதாக்க வேண்டுமாம். ஆசை நல்ல ஆசைதான். அம்மாவை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

அன்று வெள்ளிக்கிழமை சாயங்காலம். வேலை முடிந்து நேராகக் காரில் வந்தவன், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தான். திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் தங்கச் சட்டம், அதற்குள் மாமனார். எங்கள் கூடத்துச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் அதே படம்தான். கைப்பேசியில் பிடித்து மாலையை மட்டும் அழித்திருந்தான். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிந்தது.

“என்னடா இது?”

“லோகோம்மா. கறுப்பும் தங்கமும் போட்டா பிரீமியமா தெரியும். வெளக்கு தீபாவளிக்காக. எப்படி?”

“உங்க தாத்தா எங்கடா முறுக்கு சுட்டாரு?”

“அம்மா, பிராண்டுன்னா ஒரு கதை வேணும்மா. தாத்தா, பாரம்பரியம், பழைய காலத்து ருசி. அப்பத்தான் சிங்கப்பூர்ல உள்ளவங்க திரும்பிப் பாப்பாங்க.”

“கதைதான வேணும்? எங்கம்மா சுட்டாங்கன்னு போடு. அது கதையில்லையா?”

அவன் கொஞ்சம் யோசித்தான். யோசித்துவிட்டுச் சொன்னான் பாருங்கள்.

“அது கதை இல்லம்மா. எல்லா வீட்லயும் அம்மாதான் சுடுவாங்க. அது நார்மல் லா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடியற்காலையில் எழுந்து, எண்ணெய்ப் புகையில் கண் எரிந்து, முறுக்கு உழக்கை அழுத்தி அழுத்தித் தோள்பட்டை இறங்கிப் போய் நிற்கிறேன். அது நார்மலாம். தின்றுவிட்டுத் தட்டை எறிந்தவர் பாரம்பரியமாம்.

“1961-ல நான் பொறக்கவே இல்லடா. அப்ப யாரு சுட்டா?”

“அது தாத்தா தோட்டத்துல வேலைக்குச் சேந்த வருஷம்மா.”

“பால்மரம் வெட்டப் போனதுக்கும் முறுக்குக்கும் என்னடா சம்பந்தம்?”

“அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க டென்ஷன் ஆவாதீங்க.”

வாயில் நன்றாக வந்தது. அதற்குள் என் வீட்டுக்காரர் ஐயாசாமி வந்து மகனுக்குப் பின்னால் நின்றுகொண்டார். செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். திரையைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. “அப்பாவ இவ்ளோ கம்பீரமா நான் பாத்ததே இல்ல” என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகிற மனுஷனிடம் என்ன சண்டை போடுவது? தீபாவளி முடியட்டும், உங்கள் மூன்று பேரையும் அப்புறம் வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். மூன்றாவது ஆள் செத்துவிட்டார் என்பதுகூட அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. அவ்வளவு கோபம்.

நான் வாயை மூடிக்கொண்டதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான் பையன். சனிக்கிழமை காலை என் கைப்பேசியை வாங்கினான். அப்பாவின் கைப்பேசியையும் வாங்கினான். “நாலு எடத்துல நாலு மாதிரி இருந்தா சனங்க மனசுல நிக்காதும்மா. எல்லா எடத்துலயும் ஒரே மொகம், ஒரே கலர், ஒரே எழுத்து” என்று சொல்லிக்கொண்டே ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், எங்கள் மூவரின் வாட்ஸ்அப் படம் என்று ஒன்று விடாமல் மாமனாரை ஏற்றினான். வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் வட்டத்துக்குள் எழுத்தெல்லாம் வெட்டுப்பட்டு முகமும் விளக்கும் மட்டும் தெரிந்தது. ‘தாத்தா, உங்கள் கைமணம் என்றும் எங்களோடு’ என்று ஃபேஸ்புக்கில் ஒரு வரி வேறு எழுதினான்.

புது ஸ்டிக்கரும் அச்சடித்தே கொண்டுவந்திருந்தான். அப்பாவும் மகனும் கூடத்தில் உட்கார்ந்து போத்தல் போத்தலாக ஒட்டினார்கள். மத்தியானம் நான் சுட்ட முறுக்கை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால், தரையிலும் மேசையிலும் சோபாவிலும் மாமனார். ஒரு மாமனாரையே தாங்க முடியாமல் கிடந்தவள் நான். இப்போது திரும்பின பக்கமெல்லாம் அவர் மீசையை வைத்துக்கொண்டு என்னை முறைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகன் ஜொகூர் பாருவுக்குத் திரும்பிப் போனான். அதோடு என் கைப்பேசியும் ஊமையாகிவிட்டது.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கிற சமயம். மற்ற வருஷமாக இருந்தால் ஒரு காதில் கைப்பேசி, ஒரு கையில் சல்லடைக் கரண்டி என்று அல்லாடுவேன். திங்கட்கிழமை ஒரு அழைப்பு இல்லை. செவ்வாய்க்கிழமை காலையும் இல்லை. எடுத்துப் போகிறேன் என்று சொன்னவர்கள் வரவில்லை. மாவு கெட்டுவிட்டதா, போன தடவை எண்ணெய் சிக்கு வாசம் அடித்ததா, யாராவது என்னைப் பற்றி ஏதாவது கிளப்பிவிட்டார்களா என்று மண்டையைக் குடைந்துகொண்டேன்.

மகனைக் கூப்பிட்டேன். அவன் குதித்துக்கொண்டிருந்தான்.

“அம்மா, ஃபேஸ்புக் பாத்தீங்களா? இதுவரைக்கும் இவ்ளோ கமெண்ட் நமக்கு வந்ததே இல்ல! எல்லாரும் கும்பிடறாங்கம்மா. பூவு போடறாங்க. ஒரு அம்மா அழுவுற மொகம் போட்டிருக்காங்க. தாத்தா கதை அப்படியே மனசத் தொட்டிருச்சு. நான் சொன்னேன்ல?”

“கும்பிடறது இருக்கட்டும். முறுக்கு கேக்கறாங்களா?”

“அது வரும்மா. மொதல்ல மனசுல நிக்கணும், அப்புறம் வியாபாரம்.”

கைப்பேசியை வைத்த கையோடு பொந்தியானிலிருந்து சம்சாத் பேகம் கூப்பிட்டார். அங்கே சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். ஒவ்வொரு தீபாவளிக்கும் கடை முகப்பில் என் போத்தல்களை அடுக்கி விற்றுத் தருவார். அப்பாடா என்று எடுத்தேன். எடுத்தால் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

“ராணிக்கா… எப்படிக்கா இருக்கீங்க? கேள்விப்பட்டதிலேருந்து மனசே சரியில்ல. ஒடனே கூப்பிடணும்னு நெனச்சேன், தைரியம் வரல. அண்ணன் போன தடவகூட நல்லாத்தான இருந்தாரு?”

“எந்த அண்ணன்?”

“நம்ம ஐயாசாமி அண்ணன்தான்க்கா. இந்த வருஷம் முறுக்கப் பத்தி நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. நான் வேற எடத்துல சொல்லிட்டேன். நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க.”

எட்டிப் பார்த்தேன். ஐயாசாமி அண்ணன் கூடத்தில் காலை நீட்டிக்கொண்டு வறுத்த கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் சனங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டில் ஒருவர் தவறிவிட்டால் ஊருக்குத் தனித்தனியாகச் சொல்ல நேரம் இருக்காது. குடும்பத்தார் எல்லாரும் வாட்ஸ்அப் படத்தை மாற்றிவிடுவார்கள். கறுப்புப் பின்னணி, நடுவில் போனவர் முகம், இரண்டு பக்கமும் விளக்கு. பார்த்த மாத்திரத்தில் எல்லாருக்கும் சேதி புரிந்துவிடும். என் மகன் அதே கறுப்பு, அதே விளக்கு, அதே மாதிரி ஒரு முகம் என்று ஒரே காலையில் மூன்று கைப்பேசியிலும் மாற்றியிருக்கிறான். அப்பனும் பிள்ளையும் ஒரே அச்சு. வெளியூர் வாடிக்கையாளருக்கு மாமனார் முகம் எங்கே தெரியும்? ஐயாசாமி போய்விட்டார் என்றே எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். அந்த வருஷம் தீபாவளியே கிடையாது. அப்படிப்பட்ட வீட்டுக்குக் கூப்பிட்டு என் முறுக்கு என்ன ஆனது என்று யார் கேட்பார்கள்? எங்கள் சனம் மரியாதை தெரிந்த சனம். ஆர்டர் வேண்டாம் என்றுகூட யாரும் சொல்லவில்லை. ஃபேஸ்புக்கில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பேசாமல் வேறு ஆளிடம் வாங்கப் போய்விட்டார்கள். அந்தக் கும்பிட்ட கையைத்தான் இந்த மடப்பயல் பாராட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

பேகத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, “சரிக்கா, சரிக்கா, நீங்க கொஞ்சம் படுங்க” என்றார். கச்சான் தின்றுகொண்டிருந்த மனுஷனின் காதில் கைப்பேசியை வைத்து, “பேசுங்க! உசுரோட இருக்கேன்னு சொல்லுங்க!” என்று கத்தினேன். அவர் “ஹலோ” என்றதும் அந்தப் பக்கம் “யா அல்லா” என்று ஒரு அலறல் கேட்டது.

இதோடு முடிந்ததா? சாயங்காலம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சந்திரமதி அக்கா இறங்கினார். தோட்டத்தில் எங்களுக்குப் பக்கத்து வீடு. இப்போது சிகாமட்டில் மகளோடு இருக்கிறார். வெளுத்த சேலை, கையில் ஒரு மாலை. இறங்கும்போதே, “அய்யோ ராணி, உன்ன விட்டுட்டுப் போயிட்டானே பாவி!” என்று ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். என் கை முழுக்க மாவு. பின்பக்கம் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

“யாரும் போவலக்கா. இருங்க, அழுவாதீங்க.”

“எடுத்துட்டாங்களா? எங்கிட்ட யாருமே சொல்லல. எம்மக இன்னிக்குத்தான் போன்ல படத்தப் பாத்துட்டு ஐயாசாமி மாமா தவறிட்டாருன்னு சொன்னா.”

அந்த நேரம் பார்த்து ஐயாசாமி குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்தார். அக்கா கையிலிருந்த மாலை கீழே விழுந்தது. “அலமாக்!” என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இவருக்குச் சிரிப்பு. “என்னக்கா, நான் செத்துட்டேனா?” என்று கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு போத்தலை எடுத்து அக்கா கையில் கொடுத்தேன்.

“இதுதான் அந்தப் படம். நல்லாப் பாருங்க.”

அக்கா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். “இது நம்ம செல்லப்பன் மாமா இல்ல? இவரு எதுக்கு முறுக்கு டப்பாவுல?”

“படிங்க.”

எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் இவரைப் பார்த்தார்.

“ஐயாசாமி, ஒங்கப்பா எப்பப்பா முறுக்கு சுட்டாரு?”

இவர் சிரிப்பை நிறுத்தினார்.

“இல்ல, நான் தெரியாமத்தான் கேக்கறேன். நானும் பக்கத்து வீட்லதான இருந்தேன். எந்த மாமா சுட்டாரு? ராணி மொத மொதல்ல ஒரு கல்யாணத்துக்கு ஆர்டர் எடுத்தாளே, அன்னிக்கு என்ன நடந்துச்சு? எம்மருமவ பலகாரம் வித்தா எம்மானம் போச்சுன்னு பெசஞ்ச மாவத் தூக்கி லொங்காங்குல கொட்டினாரே, அந்த மாமாவா?”

ஆமாம், அந்த மாமாதான். சாக்கடைத் தண்ணீரில் மாவு வெள்ளையாகக் கரைந்து போனதை நான் நின்று பார்த்தேன். அக்கா தன் வீட்டு அரிசியைக் கொடுத்தார். இரண்டு பேரும் திரும்ப இடித்து, திரும்பச் சலித்து, அந்த ஆர்டரை முடித்துக் கொடுத்தோம். இதெல்லாம் என் வீட்டுக்காரருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

“சொல்லுங்க” என்றேன். “அக்கா கேக்கறாங்கல்ல? யாரு சுட்டான்னு சொல்லுங்க.”

இவர் தரையைப் பார்த்தார். துண்டைச் சரிசெய்தார். “பழசெல்லாம் எதுக்கு இப்ப? பையன் ஆசையா செஞ்சிருக்கான்” என்றார்.

அவ்வளவுதான். நான் உள்ளே போனேன். எரிந்துகொண்டிருந்த அடுப்புகளை ஒவ்வொன்றாக அணைத்தேன். எரிவாயுத் தோம்பின் தலையைத் திருகி மூடினேன். பிசைந்த மாவுக்கு மேலே ஈரத்துணியைப் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“என்ன பண்ற?” என்றார் இவர்.

“தாத்தா செல்லப்பன் முறுக்குதான? அவரையே வந்து சுடச் சொல்லுங்க.”

சந்திரமதி அக்கா மாலையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, “நல்லாக் கேட்ட ராணி” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மகன் விடுப்புப் போட்டுவிட்டு வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. அப்பா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். வந்ததும் வராததுமாக மடிக்கணினியைத் திறந்தான்.

“சாரிம்மா. நான் கவனிக்கல. ஆனா பிரச்சினை இல்ல, வெளக்கம் ஒண்ணு டிசைன் பண்ணிட்டேன். இப்பவே எல்லாத்துலயும் போட்டுரலாம்.”

பார்த்தேன். அதே கறுப்பு. அதே தங்கச் சட்டம். அதே மாமனார். மேலே ‘அன்பான வாடிக்கையாளர்களுக்கு ஓர் அறிவிப்பு’ என்று பெரிதாக எழுதியிருந்தான்.

“டேய், இது கருமாதி பத்திரிகைடா!”

“பிராண்டு கன்சிஸ்டண்டா இருக்கணும்மா…”

“செருப்பு பிஞ்சிரும்! ஒரே மொகம் ஒரே மொகம்னு சொல்லித்தான் ஒங்கப்பனக் கொன்ன. இப்ப கருமாதியும் பண்ணப் போறியா?”

நான் விடவில்லை. அடக்கி வைத்ததெல்லாம் வெள்ளிக்கிழமையிலிருந்து நெஞ்சுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது.

“ஒன்னச் சிங்கப்பூருக்கு அனுப்பினது எந்தக் காசு? நீ படிச்சது, இந்த வீடு, நீ தட்டற அந்தக் கம்ப்யூட்டரு, எல்லாம் எங்கேருந்துடா வந்துச்சு? ஊருக்குக் கதை சொல்றதுக்கு ஒனக்குச் செத்தவருதான் கெடச்சாரா? உசுரோட நிக்கறேன்டா ஒன் முன்னாடி. நான் ஒன் கண்ணுக்குத் தெரியலயா?”

“அம்மா, நான் அப்படி நெனைக்கல…”

“நெனைக்கவே இல்ல. அதான்டா என் வயிறு எரியுது. என்ன நீ நெனைக்கவே இல்ல.”

மகன் அழுதுவிட்டான். முப்பது வயசுப் பிள்ளை. அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, என்ன செய்யலாம் என்று கேட்டான். படம் போட்டால் யாரும் நம்பமாட்டார்கள். எழுதினாலும் நம்பமாட்டார்கள். செத்தார் என்று நினைக்கிற ஆளே வாயைத் திறந்து பேச வேண்டும். குரல் பதிவு ஒன்று எல்லாருக்கும் அனுப்பலாம் என்றேன். என் வீட்டுக்காரர் சரி என்று கைப்பேசியை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தார்.

“வணக்கம். ஐயாசாமி பேசறேன், சாஆவுலேருந்து. எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் ஆவல. நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். எங்க குடும்பப் பாரம்பரிய முறுக்கு வழக்கம்போல…”

“அழிங்க” என்றேன்.

“ஏன்?”

“எந்தக் குடும்பம் சுட்டுச்சு? அழிச்சிட்டு மறுபடி பேசுங்க.”

மறுபடி பேசினார். இந்தத் தடவை, “எங்க வீட்ல சுடற முறுக்கு” என்றார்.

“வீடு சுடுமா? செவுரு சுடுமா? அழிங்க.”

“அம்மா, போதும் லா, அப்பா பாவம்” என்றான் மகன்.

“நீ பேசாத.”

மூன்றாவது தடவை, “எங்க சம்சாரம்” என்று வந்தார்.

“சம்சாரத்துக்குப் பேரு இல்லையா? கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்தா, இங்க பாருன்னே கூப்பிட்டுப் பழகிட்டீங்க. எம்பேரு தெரியுமா ஒங்களுக்கு?”

இவர் கைப்பேசியை இறக்கினார். என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கூடத்தில் வரிசையாக இருந்த போத்தல்களைப் பார்த்தார். பிறகு தானாகவே கைப்பேசியைத் தூக்கிப் பொத்தானை அழுத்தினார்.

“வணக்கம். நான் ஐயாசாமி. உசுரோடதான் இருக்கேன். நீங்க பாத்த படம் எங்கப்பா படம். அவரு போயி ரொம்ப வருஷமாச்சு. எங்கப்பா ஒரு நாளும் முறுக்கு சுட்டதில்ல. சுட்டது செல்வராணி. எம் பொண்டாட்டி. இத்தன வருஷமா நீங்க எல்லாம் சாப்பிட்டது செல்வராணி சுட்ட முறுக்கு. எங்கப்பா ஒரு தடவ அந்த மாவத் தூக்கி லொங்காங்குல கொட்டினாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். வேணாம்னு ஒரு வார்த்த சொல்லல.”

கடைசி இரண்டு வரியைச் சொல்லும்படி நான் கேட்கவில்லை. அவர் குரல் உடைந்து போயிருந்தது. அழிக்கவா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

ஆனாலும் எனக்குக் கோபம் போகவில்லை. இத்தனை வருஷத்தை ஒரு குரல் பதிவில் கழுவிவிட முடியுமா?

“அப்படியே அனுப்புங்க” என்றேன்.

அனுப்பினார். மகன் எல்லாப் பக்கத்திலும் அதை ஏற்றினான், மாமனார் படங்களை ஒவ்வொன்றாக நீக்கினான். சற்று நேரத்தில் கைப்பேசி அடிக்க ஆரம்பித்தது. முதலில் சம்சாத் பேகம். வேறு இடத்தில் சொன்னதை ரத்து செய்துவிட்டாராம். “அக்கா, அண்ணன் பேசினத எங்க கடையில சத்தமா போட்டுக் காட்டினேன், எல்லாரும் கேட்டாங்க” என்றார். அப்புறம் லாபிஸ், யோங் பெங் என்று வரிசையாக வந்தன. எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். இருங்கள், இன்னும் அடுப்பு மூட்டவில்லை.

மகன் புது லோகோ போட்டுக்கொண்டிருந்தான். கறுப்பு இல்லை, விளக்கு இல்லை, யார் முகமும் இல்லை. என் பழைய காகிதத்தின் மஞ்சளில் சிவப்பு எழுத்து. எட்டிப் பார்த்தேன். ‘ராணி முறுக்கு’ என்று இருந்தது.

“பாக்கி எங்க?”

“முழுப் பேரு நீளமா இருக்கும்மா. ப்ரொஃபைல் படத்துல அடங்க மாட்டேங்குது. ராணின்னு வச்சா நீட்டா இருக்கும். சட்டுனு மனசுலயும் நிக்கும்.”

“அடங்கலன்னா அந்த வட்டத்தப் பெருசாக்கு.”

“அது வாட்ஸ்அப்போட வட்டம்மா. நம்ம பெருசாக்க முடியாது.”

“அப்ப எழுத்தச் சின்னதாக்கு. ரெண்டு வரியா ஒடச்சுப் போடு. என்னமோ செய். எம்பேர வெட்டாத.”

அவன் எழுத்தைச் சின்னதாக்கினான். இடத்தைச் சரிசெய்தான். திரும்பச் சின்னதாக்கினான். அப்புறம் திரையை என் பக்கம் திருப்பினான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தின் மேலும் விரலை வைத்துப் படித்தேன். ஒன்றும் குறையவில்லை. செல்வராணி என்று முழுசாக இருந்தது.

எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.